அடி மாற்றும் ஊர்

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறினால் நார்தாம்ப்டனுக்கு ஒரு மணி நேரம். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் போகிற நம்மவர்கள் இந்த ஊரில் இறங்குவதில்லை. படமெடுத்து அனுப்ப இங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. எனக்கு வேலை இருந்தது. பையில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடி பழுப்பு நிற பூட்ஸ். மேல்தோல் திடமாக இருக்கிறது. அடித்தோல்தான் நடுவில் தேய்ந்து, கட்டைவிரலால் அமுக்கினால் உள்வாங்குகிறது. லண்டனில் பழைய சாமான் விற்கும் தர்மக் கடை ஒன்றில் சல்லிசாகக் கிடைத்தது. அடி மாற்ற ஆகிற செலவு வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு என்று தெரிந்தேதான் கிளம்பினேன். லண்டனிலேயே செய்திருக்கலாம். ரயில் நிலைய வாசல்களில் சாவி வெட்டுகிற கடைகளில் ஷூவும் தைப்பார்கள். பாதி அடியை வெட்டி ஒட்டி, அரை மணியில் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உள்பக்கம் அழிந்துகொண்டிருந்த முத்திரையில் இந்த ஊரின் பெயர் இருந்தது. பிறந்த ஊருக்கே கொண்டுபோய்ப் பார்த்துவிடலாமே என்ற ஆசைதான்.

இறங்கி நிற்கிற ரயில் நிலையமே ஒரு கோட்டை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. 1662இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் அந்தக் கோட்டையையும் நகர மதிலையும் இடிக்கச் சொன்னார். உள்நாட்டுப் போரில் ஊர் அவருடைய அப்பாவுக்கு எதிராக, நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றது. அந்தப் படைக்குக் காலணியும் தைத்துக் கொடுத்தது. எஞ்சிய இடிபாட்டை 19ஆம் நூற்றாண்டில் ரயில்வேகாரர்கள் வழித்தெடுத்துவிட்டார்கள். திட்டிவாசல் ஒன்றை மட்டும் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஊரின் காலணி அருங்காட்சியகத்தைத் தேடிப் போகிற அவசரத்தில் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தோல் தொழிலுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இங்கே பக்கத்திலேயே கிடைத்தது. சுற்று வட்டாரத்தில் மேய்ச்சல் நிலமும் மாட்டுச் சந்தையும், பதனிடும் பட்டைக்கு ஓக் காடுகள், தண்ணீருக்கு நீன் ஆறு. 1642இல் தாமஸ் பெண்டில்டன் என்பவரும் சக தொழிலாளர்கள் சிலரும் சேர்ந்து, அயர்லாந்துக்குப் போகிற படைக்காக 4,000 ஜோடி ஷூவும் 600 ஜோடி பூட்ஸும் தைத்துத் தர ஒப்பந்தம் போட்டார்கள். அதிலிருந்து இங்கிலாந்து எந்தப் போருக்குப் போனாலும் இந்த ஊருக்கு வேலை. முதல் உலகப் போரில் சேற்றில் ஊறிய பூட்ஸ்களில் கோடிக்கணக்கானவை இந்த மாவட்டத்தில் தைத்தவை.

1897இல் தொடங்கிய ஊர்க் கால்பந்துக் குழுவுக்குச் செல்லப் பெயர் ‘காப்ளர்ஸ்’. செருப்புத் தைக்கிறவர்கள். ஆட்டத்துக்கு வருகிற கூட்டம் அந்தப் பெயரைத்தான் தொண்டை கிழியக் கத்துகிறது. மதுரையிலோ கோவையிலோ ஒரு அணிக்கு இப்படிப் பெயர் வைத்துப் பாருங்கள். நாம் இந்தத் தொழிலைச் செய்தவர்களை ஊருக்கு வெளியே வைத்தோம். இங்கே ஊரே அந்தத் தொழில்தான். அதற்காக இங்கே அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1905இல் இதே மாவட்டத்து ராண்ட்ஸ் ஊரில் ராணுவ பூட்ஸ் தைத்தவர்கள், கூலியை அடிமாட்டு விலைக்கு இறக்கியதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜேம்ஸ் கிரிபிள் என்ற தலைவரின் பின்னால் 115 பேர் லண்டன் வரை நடந்தே போய்ப் போர் அமைச்சகத்தின் கதவைத் தட்டினார்கள். நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்திலிருந்து சத்தம் போட்டதற்காகக் கிரிபிளை வெளியேற்றினார்கள்.

ஆபிங்டன் சதுக்கத்தில் விரலை நீட்டியபடி ஒரு சிலை. சார்லஸ் பிராட்லா. நாத்திகர். 1880இல் இந்த ஊர் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. வழக்கமான சத்தியப் பிரமாணம் தொடர்பாக எழுந்த தகராறில் சபை அவரை உட்கார விடவில்லை. இடத்தைக் காலி என்று அறிவித்து இடைத்தேர்தல் வைக்க வைக்க, ஊர் திரும்பத் திரும்ப அவரையே அனுப்பியது. 1886இல்தான் வழி விட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் நிறையப் பேர் பட்டறையில் உட்கார்ந்து பேப்பர் படித்து வாதம் செய்து பழகிய ஷூ தொழிலாளிகள். 1889இல் அவர் பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்தார். அதற்கு முன்பே சென்னையில் ‘தத்துவ விவேசினி’ நடத்திய இலௌகிக சங்கத்தாருக்கு அவர் ஆதர்சம். தமிழ்நாட்டுப் பகுத்தறிவு வரலாற்றில் நார்தாம்ப்டன் செருப்புத் தொழிலாளிக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம்.

கில்ட்ஹால் ரோட்டில் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். கட்டடத்தை விரிவாக்கப் பணம் வேண்டி, 2014இல் இவர்கள் கைவசம் இருந்த செகெம்கா என்ற எகிப்தியச் சிலையை ஏலத்தில் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் விற்றார்கள். அதற்காக அங்கீகாரமே பறிபோனது. 2021இல் புதுப்பொலிவோடு திறந்தார்கள். காலணிக்காகக் கடவுளையே விற்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் விசாரித்தால் செகெம்கா கடவுள் இல்லை, அரசாங்க எழுத்தர். விக்டோரியா ராணியின் திருமணக் காலணி இங்கே இருக்கிறது. 1959இல் ஹானிபலின் வழியில் ஒரு யானையை ஆல்ப்ஸ் மலை தாண்டிக் கூட்டிப்போனார்கள். அந்த யானைக்குத் தைத்த பூட்ஸும் இவர்கள் சேகரிப்பில்தான். குழந்தைகள் அதன் கதையைக் கேட்டு நகர மறுக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது ஒளித்து வைத்த செருப்புகளின் முன்னால். பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டும்போது புகைபோக்கி இடுக்கில், தரைப் பலகைக்கு அடியில், சுவருக்குள், கூரைக்குள் ஒற்றைச் செருப்பு கிடைப்பது இங்கிலாந்தில் சகஜம். அந்தக் காலத்தில் இந்த அருங்காட்சியகத்தின் காலணிப் பிரிவைக் கவனித்த ஜூன் ஸ்வான் அம்மையார், ஆட்கள் கொண்டுவந்து காட்டிய கண்டுபிடிப்புகளை 1950களின் கடைசியிலிருந்து குறித்து வைக்கத் தொடங்கினார். அந்தப் பட்டியல் 2012 வாக்கில் ஏறக்குறைய இரண்டாயிரத்தைத் தொட்டிருந்தது. ஏன் ஒளித்தார்கள் என்று எழுதி வைத்தவர் எவருமில்லை. கண்ணேறு, பேய் பிசாசு அண்டாமல் இருக்க என்பது பொதுவான ஊகம். எனக்கு அந்தக் காரணத்தைவிட அந்தச் செருப்புகளின் நிலைதான் பெரிதாகப் பட்டது. புதுச் செருப்பை அநேகமாக யாரும் சுவருக்குள் வைக்கவில்லை. பாதி குழந்தைகளுடையவை. தேய்ந்து, ஒட்டுப் போட்டு, மறுபடி தைத்து, இனிமேல் முடியாது என்ற கட்டத்துக்கு வந்தவை. பெருவிரல் அழுந்திய குழி தோலில் அப்படியே இருக்கிறது. சிலவற்றில் ஒட்டுத் தோலின் மேலேயே இன்னொரு ஒட்டு. இங்கிலாந்து ஏழை, பணக்காரன் எல்லோருக்கும் ஒரு காலத்தில் செருப்பு என்றால் திரும்பத் திரும்பத் தைக்கிற பொருள் என்பதற்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியைவிடச் சாட்சி வேண்டாம்.

ஊரின் பழைய தெருக்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளின் வரிசை முடிகிற முனையில் ஒரு பாக்டரி நிற்கும். மூன்று மாடி, வெளிச்சத்துக்காகப் பெரிய பெரிய ஜன்னல்கள். பாதிக்கு மேல் இப்போது அடுக்ககமாகிவிட்டன. கிங்ஸ்தார்ப் ரோட்டில் 1913இல் கட்டிய பேரட் கம்பெனியின் கட்டடம் அரண்மனை முகப்போடு நிற்கிறது, உள்ளே ஷூ வேலை இல்லை. இன்னும் ஓடுகிறவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1829இல் தொடங்கிய ட்ரிக்கர்ஸ், 1873இல் தொடங்கிய சர்ச்சஸ், 1879இல் தொடங்கிய கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ், 1890இல் தொடங்கிய எட்வர்ட் கிரீன். சர்ச்சஸ் இப்போது இத்தாலியின் பிராடாவுக்குச் சொந்தம். ஒரு ஜோடி முடிய இருநூறுக்கு மேற்பட்ட கைவேலைகள், எட்டு வாரம் போல ஆகும். விலையைச் சென்னைப் பணத்தில் மாற்றிப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

நம் ஊரின் தோலும் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட ஈஸ்ட் இந்தியா தோல் மெட்ராஸிலிருந்து கப்பலேறி லண்டன் சந்தையில் ஏலம் போய், இங்கிலாந்து ஷூக்களின் மேல்தோலாகவும் லைனிங்காகவும் ஆனது. இப்போது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோலோடு நிற்பதில்லை. முழு ஷூவையே அனுப்புகின்றன.

நான் தேடிப்போன ரிப்பேர் பட்டறை ஒரு பக்கத்துத் தெருவில், பழைய லாயம் மாதிரியான இடத்தில் இருந்தது. பெயர்ப் பலகை கூடச் சரியாக இல்லை. அறுபதைத் தாண்டிய மனிதர். பெரிய பாக்டரி ஒன்றில் பதினாறு வயதில் சேர்ந்து, அது மூடிய பிறகு சொந்தமாக இதை நடத்துகிறார். வருகிறவர்களை எல்லாம் இந்தப் பக்கத்து வழக்கப்படி ‘மி டக்’ என்று விளிக்கிறார். உள்ளே ரப்பர் பசையும் மெழுகும் தோல் தூளும் கலந்த வாடை.

பூட்ஸைக் கையில் வாங்கியதும் அடியைப் பார்க்கவே இல்லை. அது போய்விட்டது என்பதால்தானே கொண்டு வந்திருக்கிறேன். மடங்குகிற இடத்தில் மேல்தோல் வெடித்திருக்கிறதா என்று வளைத்து வெளிச்சத்தில் பார்த்தார். குதிகால் பக்கம் லைனிங்கைத் தடவினார். உள்ளே கையை விட்டு, உள்ளங்காலில் படுகிற இன்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கடைசியாக, மேல்தோலும் அடியும் சேருகிற விளிம்பைச் சுற்றி ஓடுகிற ஒரு ஒடுக்கமான தோல் பட்டையின் மேல் நகத்தை ஓட்டிக்கொண்டே போனார்.

“வெல்ட் தப்பிச்சிடுச்சு. இதுக்கு முன்னாடி ஒரு தடவை அடி மாத்தியிருக்காங்க. மாத்தினவர் பழைய ஓட்டையிலயே தைச்சிருக்கார். நல்லவர்.”

எல்லாம் வெல்ட் என்கிற அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. மேல்தோல், லைனிங், இன்சோலின் அடியில் இருக்கிற விளிம்பு, இந்தப் பட்டை நான்கையும் சேர்த்து உள்பக்கமாக ஒரு தையல். அப்புறம் அந்தப் பட்டையோடு அடித்தோலைச் சேர்த்து வெளிப்பக்கமாக இன்னொரு தையல். இரண்டு தையலும் ஒன்றையொன்று தொடாது. அடி தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் அறுத்தால் போதும். மேல்தோலில் ஒரு ஊசி கூடப் படாது; சுவரைத் தொடாமல் ஓடு மாற்றுகிற மாதிரி. கையால் இந்த உள்தையலைப் போடுவதற்குள் தைக்கிறவர் தோள் கழன்றுவிடும். வளைந்த ஊசியால் அதைப் போடுகிற இயந்திரத்தை மேம்படுத்தி 1870களில் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் ஜூனியர். ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சிக் கெட்டிப்படுத்திய குட்இயரின் மகன். டயர் கம்பெனி பிற்பாடு வந்தது. அப்பாவின் பெயரை வைத்துக்கொண்டதே தவிர, குடும்பத்துக்கு அதில் சம்பந்தமில்லை.

“திறந்து பார்த்தாத்தான் மீதியைச் சொல்ல முடியும். திறக்கட்டுமா? திறந்துட்டா அப்புறம் வேண்டாம்னு சொல்லக் கூடாது.”

சரி என்றேன். குதிகாலின் இடுக்கில் ஒரு இரும்பைக் கொடுத்து நெம்பினார். ஆணிகள் கீச்சிட்டுக்கொண்டே அடுக்கு முழுவதும் பெயர்ந்து வந்தது. வெல்ட்டுக்கும் அடிக்கும் நடுவில் கத்தியின் முனையை நுழைத்து, சுற்றிலும் ஒரே இழுப்பில் தையலை அறுத்தார். பிறகு குறடால் முனையைப் பிடித்து இழுக்க, உலர்ந்த பசை விடுகிற சத்தத்தோடு அடித்தோல் உரிந்து வந்தது. அடியில் தக்கைத் தூள் பசை. ஷூ செய்கிறபோது சூடாக, அல்வாப் பதத்தில் பூசுவார்களாம். இப்போது கறுத்து, உலர்ந்து, துண்டு துண்டாக. ஆனால் அதில் ஒரு கால் இருந்தது. விரல்களுக்குப் பின்னால் பாதம் ஊன்றுகிற இடத்தில் ஒரு பள்ளம், ஐந்து விரலுக்கும் ஐந்து குழி, சுண்டுவிரல் கொஞ்சம் ஒதுங்கி. அது என் கால் இல்லை. எனக்கு முன் இந்த பூட்ஸைப் போட்டவருடைய கால். இவ்வளவு நாளும் அவருடைய குழிகளில்தான் என் விரல்களை வைத்து நடந்திருக்கிறேன். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய தக்கை பூசட்டுமா, அப்படியே விடட்டுமா என்று கேட்டார். சுரண்டச் சொன்னேன்.

பாதத்தின் வளைவைத் தாங்கும் ஷாங்க் என்ற மரச் சிம்பு பத்திரமாக இருந்தது. இன்சோலின் அடியில் உள்தையலைத் தாங்குகிற விளிம்பை மூன்று நான்கு இடத்தில் கிள்ளி இழுத்துப் பார்த்தார். இயந்திரத் தையல் பூட்ஸில் அந்த விளிம்பு பெரும்பாலும் இன்சோலோடு பசையில் ஒட்டிய துணிப் பட்டை. இந்த முறையின் பலவீனமே அந்த ஒட்டுதான் என்கிறார். அது விட்டுப் போனால் எவ்வளவு நல்ல வெல்ட்டும் உதவாது. கையால் தைக்கிற உயர்ரகத்தில் இன்சோல் தோலிலேயே விளிம்பு செதுக்குவார்கள். இதில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் விட்டிருந்தது, ஒட்டிவிடலாம் என்றார்.

ஏன் பாக்டரிக்கே அனுப்பக் கூடாது என்று கேட்டேன். அனுப்பலாம் என்றார். அங்கே இருக்கிற பெரிய வசதி, இந்த பூட்ஸ் எந்த மரக்கட்டையின் மேல் உருவானதோ அதே எண் போட்ட லாஸ்ட் இன்னும் இருக்கும். அதன் மேல் மறுபடியும் ஏற்றி நாள்கணக்கில் வைத்தால் நெளிந்த தோல் பழைய உருவத்துக்கு வரும். வெல்ட்டையும் புதிதாகப் போடுவார்கள். இவரிடம் இருப்பது கிட்டத்தட்டப் பொருந்துகிற கட்டைகள். “ஆனா வெல்ட் நல்லா இருக்கிறப்போ அதை ஏன் பிடுங்கணும்? ஒவ்வொரு தடவை புதுசு தைக்கிறப்பவும் மேல்தோல்ல இன்னொரு வரிசை ஓட்டை விழும். மூணு தடவைக்கு மேல அந்த விளிம்பு சல்லடை.” வியாபாரத்துக்குச் சொன்னாரோ என்னவோ, நியாயமாகத்தான் பட்டது.

என்ன அடி போடுவது என்பதில் கொஞ்ச நேரம் போனது. டெவன் மாவட்டத்து கோலிடன் ஊரில் பேக்கர் குடும்பத்தார் இன்னும் ஓக் பட்டைக் குழியில் ஊறவைத்தே அடித்தோல் பதனிடுகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் குழியில் கிடக்கும். அழகு அதுதான், ஆனால் மழையில் வழுக்கும். பக்கத்து மார்க்கெட் ஹார்பரோவில் செய்கிற டேனைட் ரப்பர் அடி இன்னொன்று. வட்ட வட்டக் குமிழ்கள் அடிக்குள்ளேயே பதிந்திருப்பதால் பக்கவாட்டில் பார்க்கிறவருக்குத் தோல் அடி மாதிரியே தெரியும். ஆங்கிலேயருக்கு இந்த மாதிரி மறைத்து வைக்கிற சௌகரியங்கள் பிடிக்கும். மூன்றாவது, மலையேறிகளின் கரடுமுரடு அடி. 1935இல் புயலில் சிக்கி ஆறு தோழர்களை மலையில் இழந்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, இரண்டு வருஷத்தில் கண்டுபிடித்தது. விப்ரம் என்ற பெயரில் இருப்பவர் அவர்தான். எனக்கு மலை ஏறும் உத்தேசம் இல்லை. குமிழ் அடியே போதும் என்றேன்.

நூற்று ஐம்பது பவுண்டுக்கு முன்னப்பின்ன ஆகும் என்றார். அதற்குச் சந்தையில் புது ஷூ இரண்டு வாங்கலாம், வெல்ட் இல்லாதது, ஒட்டியது, தேய்ந்தால் குப்பைக்குப் போவது. ஆக, ரிப்பேர் செய்துகொள்வது இங்கே வசதி உள்ளவனின் பழக்கமாகிவிட்டது. ஒளித்து வைத்த அந்தச் செருப்புக்காரர்கள் இதை நம்பியிருக்க மாட்டார்கள்.

ரசீது எழுதும்போது அவர் கண் என் காலுக்குப் போனது. நான் போட்டிருந்தது சாதாரண ஓட்ட ஷூ. சென்னையில் அடி வாய் பிளந்தபோது, மயிலாப்பூரில் பிளாட்பாரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் சுற்றுத் தையல் போட்டு வாங்கியது. வெள்ளை நூல், ரப்பர் விளிம்பில் ஒரு விரல் உயரத்தில், கால் முழுக்கச் சுற்றி ஓடும். நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கழற்றிக் காட்டச் சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தையலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “இது ஒட்டுற ஷூ. இதைத் தைக்கவே முடியாதே. எந்த மெஷின்?”

மெஷின் இல்லை, கையால் என்றேன். நம்பவில்லை. காகிதத்தில் வரைந்து காட்டினேன். மரக் கைப்பிடி, முனையில் சின்னக் கொக்கி உள்ள ஊசி. வெளியிலிருந்து குத்தி, உள்ளே விட்ட நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே வளையமாக இழுத்து, அந்த வளையத்துக்குள் வெளி நூலை நுழைத்து இரண்டையும் இறுக்குவது. ஷூவின் மூக்குக்குள் இடது கை முழுக்கப் போயிருக்கும். உள்ளே நூலைக் கொக்கியில் மாட்டுகிற விரலுக்குக் கண் கிடையாது. அவர் தன் பின்னால் நின்ற ஆளுயர இரும்பு இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். வெளித்தையல் போடுகிற இயந்திரம். “ரெண்டும் ஒரே முடிச்சு” என்றார். “அதுவும் இதையேதான் செய்யுது.” பிறகு ஷூவைத் திருப்பி, முன்முனை வளைவில் தையல் இடைவெளி ஒரே அளவாக இருப்பதை விரலால் அளந்தார். அந்த இடத்தில் இயந்திரத்துக்கே கை நடுங்கும் என்றார்.

அந்த ஷூ செய்த கம்பெனி அதை ரிப்பேருக்கென்று செய்யவில்லை. தெருவில் உட்கார்ந்தவர் அதற்கு ஒரு தையல் வரிசையைத் தானே உண்டாக்கிவிட்டார். நார்தாம்ப்டனில் பாக்டரியே யோசித்துப் பட்டை வைத்து, அதற்கு விலையும் போட்டு விற்கிற விஷயத்தை, இவர் யாரோ யோசிக்காமல் விட்ட பொருளில் ஊசியால் எழுதுகிறார். மாநகராட்சிக்காரர்கள் வந்தால் குடையைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியவர். அவருடைய கொக்கி ஊசியை எந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறோம்?

“என்ன வாங்கினார்?”

“நூறு ரூபாய். உங்க பணத்துல ஒரு பவுண்டுகூட வராது.”

“எனக்கு நூலுக்கே அதுக்கு மேல ஆகும்” என்று சொல்லிவிட்டு, நான் வரைந்த காகிதத்தைக் கேட்டு வாங்கி, ரசீதுகள் குத்தியிருந்த கம்பியில் சேர்த்துக் குத்தினார். நேரம் கிடைத்தால் ஒரு ஊசியை அப்படி அரம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். என் பூட்ஸுக்கு ஆறு வாரம் கழித்துத் தேதி போட்டார். பாதிப் பணம் முன்பணம். கார்டு வாங்குவதில்லை என்பதால், மழையில் மார்க்கெட் சதுக்கம் வரை போய்ப் பணம் எடுத்து வர வேண்டியிருந்தது.